இரண்டாம் பாகத்துக் கோபம்

அவளை எல்லோரும் தேனு என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுத்துப் பேசுகிற வேலை அவளுக்கு. குரலுக்காக அங்கே வைத்த பட்டப்பெயர் போகப்போக வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. கணவரும் அப்படியே கூப்பிட்டார், அக்காவும் அப்படியே கூப்பிட்டாள். கடைசியில் அவளே போனை எடுத்து "தேனு பேசறேன்" என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது.

புகார்ப் பிரிவு நீளமான ஒரு ஹால். கண்ணாடித் தடுப்பு போட்ட சின்னச் சின்னக் கூண்டுகள். ஒவ்வொரு கூண்டிலும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஹெட்ஃபோன், திரைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. பேசும்போது சிரித்த முகமாக இருக்கிறோமா என்று பார்த்துக்கொள்வதற்காக அது. சிரித்துக்கொண்டே பேசினால் குரலிலும் சிரிப்பு கேட்குமாம். கம்பெனிக்கு யாரோ சொல்லிக்கொடுத்த வித்தை.

கூப்பிடுகிறவர்கள் யாரும் சிரிக்கிற நிலைமையில் இருப்பதில்லை. மெக்கானிக் வருவான் என்று லீவு போட்டுவிட்டுக் காத்திருந்து ஏமாந்தவர்கள், வாங்கின வாரமே மெஷின் நின்றுபோனவர்கள். எடுத்த எடுப்பில் வாயில் வந்ததைக் கொட்டுவார்கள். பக்கத்துக் கூண்டுக்காரிகள் மைக்கை அணைத்துவிட்டு வசவுக்கு வசவு திருப்பிக் கொடுப்பார்கள். பிறகு மைக்கைப் போட்டு "சொல்லுங்க சார்" என்று குழைவார்கள். தேனு மைக்கை அணைத்துவிட்டுக்கூட ஒரு வார்த்தை திட்டியதில்லை. "உங்க சிரமம் எனக்குப் புரியுதுங்க" என்று ஆரம்பித்தால் எதிர்முனையில் இருக்கிறவர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்து, கடைசியில் நன்றி சொல்லி வைப்பார். இவங்களுக்குக் கோபமே வராது என்று மேனேஜர் புது ஆட்களிடம் அவளைக் காட்டிச் சொல்வார், ஷோரூமில் ஒரு மெஷினின் அருமை பெருமையைச் சொல்வதுபோல. தேனுவும் அதை நம்பிக்கொண்டிருந்தாள்.

நோய் முதலில் விரல்களில்தான் வந்தது. காலையில் எழுந்தால் குழாயைத் திருக முடியாது, ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியாது. பிறகு காய்ச்சல் வந்து வந்து போனது. கன்னம் சிவந்து தடித்தது. ஆபீஸிலிருந்து திரும்பினால் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் ஈரச் சாக்கு மாதிரி வாசலிலேயே உட்கார்ந்துவிடுவாள். முதலில் பார்த்த டாக்டர், வயசு என்றார். அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இரண்டாவது டாக்டர், வேலை டென்ஷன் என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்தார். மூன்றாமவர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கணவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். குழந்தை இல்லாத ஏக்கம் சில பெண்களுக்கு உடம்பு வலியாக வெளியே வரும், கொஞ்சம் அனுசரணையாக நடந்துகொள்ளுங்கள் என்றார். கணவர் அதை ஸ்கூட்டரில் போகும்போது தலையைப் பாதி திருப்பி அவளிடம் சொன்னார். பின்சீட்டில் இருந்தவள் "அப்படியா" என்றாள். அப்போதும் முகத்தில் சிரிப்பு இருந்தது.

அவளுக்கு இரண்டு முறை கரு தரித்துக் கலைந்திருந்தது. முதல் தடவை, நாள் முழுக்கப் போனில் யாராவது கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தால் வயிற்றில் இருப்பது எப்படித் தங்கும் என்று அக்கா கேட்டாள். அதனால் இரண்டாவது தடவை லீவு போட்டுவிட்டுப் படுத்தே கிடந்தாள். அதுவும் போனது. இப்போது போனைக் குறை சொல்ல முடியாதல்லவா? மனசுக்குள் எதையோ போட்டுவைத்திருக்கிறாய், அதனால்தான் தங்கவில்லை என்றாள் அக்கா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பச்சை விரிப்பின் மேல் படுத்துக்கொண்டு, அப்படி என்ன போட்டுவைத்திருக்கிறோம் என்று தேனு நிஜமாகவே தேடிப் பார்த்தாள். பல வருஷம் தேடினாள்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே உடம்பை அடிக்கிற நோய். முழுசாகக் குணமாகாது, மருந்து கொடுத்துக் கட்டிப்போட்டு வைக்கலாம், மாதம் ஒரு தடவை வந்து நரம்பில் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "கரு ஏதாவது கலைஞ்சிருக்காம்மா?" என்று கேட்டாள்.

"ரெண்டு தடவை."

"ம். அதுக்கும் இதுதான் காரணமா இருந்திருக்கும். அப்பவே கண்டுபிடிச்சிருந்தா ஊசி மருந்து இருக்கு, போட்டிருக்கலாம்."

அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டாகிவிட்டது. "ரொம்ப நன்றிங்க டாக்டர்" என்றாள் தேனு, அதே ஆபீஸ் குரலில்.

சம்பளம் இல்லாத லீவில் வீட்டோடு படுத்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். சிரித்த முகத்தை மட்டும் விட்டுவிடாதே, பாதி நோய் ஓடிவிடும் என்றார்கள். மீதிப் பாதிக்கு என்ன வழி என்று யாரும் சொல்லவில்லை. அக்கா ஒரு புத்தகம் கொண்டுவந்து தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். தனக்கு வாழ்க்கையையே மாற்றிவிட்டதாகச் சொன்னாள். அட்டையில் பல் தெரியச் சிரிக்கிற ஒரு மனிதர்.

தேனு பள்ளிக்கூடம் விட்ட பிறகு புத்தகம் எதையும் தொட்டவள் இல்லை. பொழுது போகாமல்தான் எடுத்தாள். நோய் என்பது நாமே கூப்பிட்டு வரவழைத்த விருந்தாளி என்று அந்த மனிதர் எழுதியிருந்தார். உறுப்பு வாரியாகக் காரணம் கொடுத்திருந்தார். முழங்கால் வலி வணங்காதவர்களுக்கு வருமாம். விரல் வலி பிறரை மன்னிக்காதவர்களுக்கு வருமாம். தேனு பக்கத்தைத் தள்ளித் தள்ளிக் கர்ப்பப்பையைத் தேடினாள். இருந்தது. தாயாவதற்கு உள்ளூர விருப்பம் இல்லாதவர்களின் கரு தங்குவதில்லை என்று ஒற்றை வரி.

அதை மூன்று தரம் படித்தாள். பிறகு புத்தகத்தைத் தூக்கி எதிர்ச் சுவரில் வீசினாள். அது தண்ணீர் ஜாடியைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்க் கீழே விழுந்தது. மணிக்கட்டு அன்றைக்கே வீங்கிவிட்டது. எத்தனையோ வலியை ஏனென்று தெரியாமல் பட்டவளுக்கு, இந்த வலிக்குக் காரணம் தெரிந்திருந்தது. அதில் ஒரு திருப்தி இருந்தது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் வந்தவர் தரையில் ஊறிக் கிடந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"விழுந்துடுச்சா?"

"இல்ல. வீசினேன்."

இரண்டு மாடிக்கு நடுவில் காரணமில்லாமல் நின்றுபோன லிஃப்டைப் பார்ப்பதுபோல் அவர் அவளைப் பார்த்தார். அவள் வேறு புத்தகம் வேண்டும் என்றாள். என்ன மாதிரிப் புத்தகம் என்று கேட்டார். "எனக்கு யாரும் நல்லது சொல்லாத புத்தகம்" என்றாள்.

அவர் லிஃப்ட் பார்க்கிற ஒரு பழைய கட்டடத்தில், மாடிப்படிக்குக் கீழே, ஒரு வாடகைப் புத்தகக் கடை இருந்தது. அவருக்குப் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நட்டும் போல்ட்டும் வாங்குகிற மாதிரி அளவைப் பார்த்து எடுத்துவந்தார். முதலில் வந்தது கோழிப் பண்ணை வைப்பது எப்படி என்கிற புத்தகம். தேனு அதைக் கடைசிப் பக்கம் வரை படித்தாள். கோழிக்கு நோய் வந்தால் தண்ணீரைப் பார், தீவனத்தைப் பார், கூண்டைப் பார் என்று எழுதியிருந்தது. கோழியின் மனசு சரியில்லை என்று எந்த இடத்திலும் எழுதியிருக்கவில்லை.

அடுத்தது ஒரு நாவல். கதாநாயகிக்குப் பெயர் தெரியாத ஒரு நோய். நோயாளி என்றுதான் பேர், அவளுக்குத் தலைமுடிகூடக் கலையவில்லை. மாத்திரை சாப்பிட்டு முகம் உப்பவில்லை, வயிறு கலங்கவில்லை, வாயில் புண் வரவில்லை. ஜன்னலோரம் சாய்ந்தபடி எல்லோரையும் மன்னித்துவிட்டுச் செத்துப்போனாள். அதைப் பார்த்துக் குடிகாரக் கதாநாயகன் திருந்திவிட்டான். அவன் திருந்துவதற்கு இவள் சாக வேண்டுமா என்று தேனு அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் முழுக்கக் கணவரைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டாள், ஏதோ அவரே எழுதினமாதிரி. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு, அடுத்த தடவை அட்டையைப் பார்த்து எடுத்து வருகிறேன் என்றார்.

அடுத்த தடவை வந்ததில் அட்டையே இல்லை. செங்கல் கனத்தில் ஒரு நாவலின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தை எடுத்துப்போன யாரோ திருப்பிக் கொடுக்கவே இல்லையாம். அதனால் இதைச் சீந்த ஆளில்லை. கடைக்காரர் தாராளமாக, எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டார்.

அந்தக் கனத்தைத் தேனுவால் கையில் பிடிக்க முடியவில்லை. கணவர் ஒரு தகட்டை வளைத்து, படுக்கையில் வைத்துக்கொள்ளச் சாய்மானமாக ஒரு ஸ்டாண்ட் செய்து கொடுத்தார். பென்சிலின் ரப்பர் முனையால் பக்கத்தைத் தள்ளிக்கொள்வாள். சில நாள் ஒரு பக்கம்தான் ஓடும். கண் எரியும், கழுத்து பிடித்துக்கொள்ளும். மூடி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு படித்ததையே திரும்ப நினைப்பாள்.

கதை இதுதான். நடுவயசுப் பெண் ஒருத்தி. முதல் பக்கத்திலேயே புருஷனுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, இனிமேல் உன்னோடு பேசமாட்டேன் என்கிறாள். அவ்வளவு கனமான புத்தகம் முழுக்கப் பேசவே இல்லை. வேலைக்குப் போகிறாள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்கிறாள், அவன் காலை உடைத்துக்கொண்டபோது ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறாள். வாய் மட்டும் திறக்கவில்லை. ஏன் என்று எழுதியிருக்கவில்லை. அது முதல் பாகத்தில் நடந்துவிட்டது. கதையில் வருகிற எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அன்னைக்கு நடந்தது" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள்.

தேனுவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. குழந்தை போயிருக்கும். வேறென்ன? அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் பச்சை விரிப்பில் கிடந்திருப்பாள். சொந்தக்காரி ஒருத்தி வந்து, எல்லாம் உன்னால்தான் என்று சொல்லியிருப்பாள். புருஷன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருப்பான். ஒரு வரிகூடப் படிக்காமலே முதல் பாகம் முழுவதையும் அவள் மனசில் பார்த்துவிட்டாள்.

கோபம் என்றால் கத்துவது என்றுதான் அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். ஹெட்ஃபோனில் கேட்டதெல்லாம் அதுதானே. இந்தப் பெண் குரலை உயர்த்தவே இல்லை, ஆனால் ஒரு கணம்கூட இறங்கிக் கொடுக்கவும் இல்லை. அதைப் படிக்கப் படிக்கத் தேனுவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ சூடாக ஏறியது. காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். காய்ச்சல் இல்லை.

வீட்டில் அவள் சிரிப்பு குறைந்தது. தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடித்தாள், அவ்வளவுதான். வந்தவர்கள் நல்லது சொன்னால் பதில் சொல்லாமல் பார்த்தாள். சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டுவிட்டார்.

"முன்ன மாதிரி நீ இல்ல தேனு. இந்தப் புத்தகம்தான் உன்னைக் கெடுக்குது."

"முன்ன இருந்தவ ஆபீஸுக்குப் போறவ. சாயங்காலம் அவளையே வீட்டுக்கும் கூட்டிட்டு வந்துட்டேன். அவளை உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு. என்னை உங்களுக்குத் தெரியாது. எனக்கே தெரியாது."

அவள் விடவில்லை.

"ஏக்கத்துல வலி வருதுன்னு அந்த டாக்டர் சொன்னாரே. நீங்க நம்பினீங்களா?"

கணவர் கைவிரலிலிருந்த கிரீஸ் கறையைத் தேய்த்தார். பிறகு, "நம்பினேன்" என்றார். "நம்பிட்டா வேற எதுவும் தேட வேண்டியதில்ல. சுலபமா இருந்துச்சு."

அதற்காக அவரை அவள் மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. ஆனால் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொண்டாள். அவரும் அன்றைக்கு மேல் புத்தகத்தைக் குறை சொல்லவில்லை. முதல் பாகம் கேட்டுக் கடைக்காரரை விடாமல் நச்சரித்தார். கடைக்காரரும் ரோஷம் வந்து பழைய ஆளைத் தேடிப் பிடித்துவிட்டார். அந்த ஆள் வீடு மாற்றிப் போனபோது மூட்டையோடு மூட்டையாக முதல் பாகத்தையும் கட்டிக்கொண்டு போயிருந்தான். ஒரு நாள் சாயங்காலம் அந்தப் புத்தகம் தகட்டு ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்தது.

தேனு படித்தாள். பக்கத்துக்குப் பக்கம் குழந்தையை எதிர்பார்த்துக்கொண்டே படித்தாள். அந்தப் பெண்ணுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் கொழுகொழுவென்று வளர்ந்தன. ஆஸ்பத்திரியே வரவில்லை. கடைசி அத்தியாயத்தில், அவளுடைய அப்பா அவளுக்கென்று விட்டுப்போன நிலத்தைப் புருஷன் ஏதோ சொல்லிக் கையெழுத்து வாங்கி விற்றுவிடுகிறான். அன்றைக்கு நடந்தது அதுதான். ஒரு துண்டு நிலம்.

அவளுக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. யாரோ பக்கங்களைக் கிழித்துவிட்டார்களோ என்று எண்களைச் சரிபார்த்தாள். எல்லாப் பக்கமும் இருந்தது. அப்படியானால் அந்தப் பச்சை விரிப்பு எங்கிருந்து வந்தது? எல்லாம் உன்னால்தான் என்று சொன்ன சொந்தக்காரி எந்தப் பக்கத்தில் இருந்தாள்? புத்தகத்தில் எழுதாத ஒன்றை அவளே தூக்கிக்கொண்டுபோய் அங்கே வைத்திருந்தாள். அத்தனை வாரமும் அவள் படித்துக்கொண்டிருந்த கோபம் கதாசிரியருடையது இல்லை. அவளுடையது.

வருஷக்கணக்காகத் தனக்குள் தேடினாளே, அது இதுதான். ஆனால் குழந்தைகளைக் கலைத்தது இது இல்லை. குழந்தைகள் போனதால் வந்தது இது. காரணத்தையும் விளைவையும் எல்லோரும் சேர்ந்து தலைகீழாக மாற்றி அவள் கையில் கொடுத்திருந்தார்கள். அவளும் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு துண்டு நிலத்துக்கு அந்தப் பெண் ஆயுசு முழுக்கப் பேசாமல் இருக்கலாம் என்றால், தனக்கு எவ்வளவு கோபம் இருக்க வேண்டும் என்று தேனு நினைத்துப் பார்த்தாள். அழுகை வரவில்லை. பசித்தது. எழுந்துபோய் நின்றபடியே சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் அக்கா வந்தாள். தங்கைக்காக மறுபடியும் ஒரு புத்தகம் கொண்டுவந்திருந்தாள், அதே மனிதர் எழுதினது. தேனு அதைத் தொடாமல், உட்காரச் சொன்னாள்.

"ரெண்டாவது தடவை நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா அக்கா?"

"எப்பவோ நடந்ததை எதுக்குடி இப்ப கிளறிக்கிட்டு?"

"மனசுல எதையோ போட்டு வச்சிருக்கே, அதான் தங்கலைன்னு சொன்னே."

"உன் நல்லதுக்குத்தானே சொன்னேன். நான் உனக்குக் கெட்டது நினைப்பேனா?"

"நினைக்கமாட்டே. ஆனா கேளு. என் ரத்தத்துல நோய் இருந்துச்சு. அதுக்கு மருந்தும் இருந்துச்சு. யாரும் பார்க்கல. ஏன் பார்க்கலன்னா, காரணம் எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு. நான்தான் காரணம். நீ சொன்னே, டாக்டர் சொன்னாரு, இந்தப் பல்லைக் காட்டுறவன் அச்சடிச்சு விக்கறான். நானும் ஆமாம் ஆமாம்னு சிரிச்சேன். ரெண்டு பிள்ளையைத் தூக்கிக் குடுத்துட்டுச் சிரிச்சிருக்கேன் அக்கா."

அக்கா அழ ஆரம்பித்தாள். எந்தக் காலத்திலும் அக்கா அழுதால் தேனுதான் முதலில் எழுந்து போய்க் கையைப் பிடிப்பாள். இன்றைக்கும் கால் தானாக எழப் பார்த்தது. அவள் எழவில்லை.

"அழு. நான் சமாதானம் சொல்லமாட்டேன். இன்னைக்கு என்னால முடியாது."

அக்கா கொண்டுவந்த புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ரொம்ப நாள் வரவில்லை. பிறகு போன் செய்தாள், மருந்து எப்படி ஒத்துக்கொள்கிறது என்று மட்டும் கேட்டாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டே இரு என்று அதற்குப் பிறகு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவர்களுக்குள் உறவு அந்த அளவில் நிற்கிறது.

ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். அரை நாள் வேலையாவது, போன் எடுக்காத வேலையாவது கொடுங்கள் என்று அவள் ஏற்கெனவே கேட்டுப் பார்த்திருந்தாள். அப்படி ஒரு வேலை கம்பெனியில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்போது வழியனுப்பு விழா. ஹாலில் எல்லோரையும் நிற்கவைத்து, அவள் சிரித்தபடி இருக்கிற பழைய போட்டோ ஒன்றைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். கம்பெனியின் சிரித்த முகம் என்று மேனேஜர் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு தன் அறைக்குக் கூட்டிப்போய், அச்சடித்த ஒரு தாளை வைத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

தேனு தாளைப் படித்தாள். படிக்கிற பழக்கம் வந்துவிட்ட பிறகு கையெழுத்துக்கு முன்னால் அவளால் படிக்காமல் இருக்க முடியவில்லை. உடல்நலக் குறைவினால் என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன் என்று இருந்தது.

"இது என் விருப்பம் இல்லையே சார். நான் வேலை கேட்டேன். நீங்க இல்லன்னீங்க."

"எல்லாருக்கும் இதே தாள்தான்மா. வெறும் வார்த்தைதானே."

"வெறும் வார்த்தைதான்னா மாத்தறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்? நாங்க அனுப்பறோம்னு எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்."

கதவு திறந்தே இருந்தது. வெளியே கூண்டுகளிலிருந்து சிலர் எட்டிப் பார்த்தார்கள். மேனேஜர் அவளை உற்றுப் பார்த்தார்.

"நீங்களா இப்படிப் பேசறீங்க?"

"நான்தான். இத்தனை வருஷம் பேசினது கம்பெனி."

பேனாவைத் திருப்பி அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். கால் வலியில் படியிறங்கவே வெகுநேரம் ஆயிற்று. மைக்கை அணைத்துவிட்டுத் திட்டுகிற பக்கத்துக் கூண்டுக்காரி மட்டும் கூடவே இறங்கி வந்து, வாசல்வரை கைப்பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். சில வாரங்கள் இழுத்தடித்துவிட்டுக் கம்பெனி வேறு தாள் அனுப்பியது. தகுந்த பணி எங்களிடம் இல்லாததால் விடுவிக்கிறோம் என்று அதில் இருந்தது. வேலை போனது போனதுதான். ஆனால் அவளே விரும்பிப் போனதாக ஒரு பொய் அந்தத் தாளில் இல்லை. அவ்வளவுதான் அவளால் வாங்க முடிந்தது, அதை அவள் வாங்கிவிட்டாள்.

மாதம் ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரிக்கு மருந்து ஏற்றிக்கொள்ளப் போகிறாள். ஜன்னலோரம் சாய்வு நாற்காலிகள் போட்டிருக்கும் அறை. சொட்டு சொட்டாக மருந்து இறங்கி முடிய அரை நாள் போய்விடும். ஒரு நாள் அந்தக் கனத்த முதல் பாகத்தை இரண்டாம் தரம் படிக்கலாமென்று தகட்டு ஸ்டாண்டோடு எடுத்துப்போயிருந்தாள். பக்கத்து நாற்காலியில் ஒரு பஸ் கண்டக்டரம்மா, அதே நோய்க்காரி. என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டாள். தேனு கதையைச் சொன்னாள்.

"பேசாம இருந்தாளா?" என்றாள் கண்டக்டரம்மா. "நானா இருந்தா பேசிப் பேசியே அவனைக் கொன்னிருப்பேன்."

எதிர் நாற்காலியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்த ஒரு ஸ்கூல் ஆயா, பேசாமல் இருப்பதுதான் சரியான அடி, பேசினால் அவனுக்குப் பழகிப்போகும் என்றாள். இரண்டு பேருக்கும் சண்டை வந்துவிட்டது. அன்றைக்கு நடந்ததை வாசித்துக் காட்டு, அப்புறம் பேசிக்கொள்வோம் என்று தேனுவைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் வாசித்தாள். நோயினால் வாய் உலர்ந்துபோய்க் குரல் இப்போது கரகரத்துவிட்டது. தேன் எல்லாம் ஒன்றும் அதில் இல்லை. சத்தம் குறைவாக வாசியுங்கள் என்று நர்ஸ் சொன்னாள். குறைவாக வாசித்தால் எதிர் நாற்காலிக்குக் கேட்காது என்று தேனு பதில் சொல்லிவிட்டு அதே சத்தத்தில் தொடர்ந்தாள்.

அப்படியே பழக்கமாகிவிட்டது. ஜன்னலோரம் சாய்ந்து எல்லோரையும் மன்னித்துச் செத்தவளின் கதையையும் ஒரு மாதம் கொண்டுபோனாள், வேண்டுமென்றேதான். வரிக்கு வரி நிறுத்தி அந்த அறையே அதைக் கிழித்துத் தொங்கவிட்டது. இந்தக் கதாநாயகிக்கு ஒரு தடவையாவது நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தியிருக்கிறார்களா என்று கண்டக்டரம்மா கேட்டாள். மாத்திரை யார் வாங்கிக் கொடுத்தது, இரவில் ஈரத் துணியை யார் மாற்றினது, அதையெல்லாம் ஏன் எழுதவில்லை என்று ஆயா கேட்டாள். மூலையில் இருந்த ஒரு சின்னப் பெண், அன்றைக்குத்தான் முதல்முறையாக வந்திருந்தவள், அதுவரை எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று, "எனக்கு எல்லாத்தையும் உடைக்கணும் போல இருக்கு" என்றாள். ஒருத்தரும் அவளுக்கு நல்ல வார்த்தை சொல்லவில்லை. ஆயா தன் போர்வையில் பாதியை அவள் பக்கம் தள்ளினாள். அப்படித்தான் இருக்கும் என்றாள் கண்டக்டரம்மா.

தேனுவுக்கு நோய் தீரவில்லை. நல்ல நாளும் இருக்கிறது, படுக்கையை விட்டு இறங்க முடியாத நாளும் இருக்கிறது. கோபமும் தீரவில்லை. தீர்த்துக்கொள்ள அவளுக்கு உத்தேசமும் இல்லை. அந்த ஊசி மருந்தை நினைக்கிற நாளெல்லாம் அது முழுசாகத் திரும்பி வருகிறது. வந்தால் வரட்டும் என்று விடுகிறாள். கணவர் அந்த நாவலின் இரண்டு பாகத்தையும் லிஃப்ட் மேலிருக்கும் மோட்டார் ரூமில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துமுடித்தார். அந்தப் புருஷன் என்னை மாதிரியே இருக்கிறான் என்று வந்து சொன்னார். அவன் உங்களைவிட நல்ல சட்டை போட்டிருந்தான் என்றாள் தேனு. சொல்லிவிட்டு இருவரும் சிரித்தார்கள். அது யாரும் சொல்லிக்கொடுத்த சிரிப்பு இல்லை.

போன மாதம் மருந்து ஏற்றி முடிந்து, நர்ஸ் ஊசியைக் கழற்றிப் பஞ்சு வைத்து ஒட்டிவிட்டாள். கணவர் ஸ்கூட்டர் சாவியோடு கதவருகில் வந்து நின்று, கிளம்பலாமா என்று கேட்டார்.

"இருங்க" என்றாள் தேனு புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். "அத்தியாயம் முடியல. இவங்களுக்கு இன்னும் மருந்து பாக்கி இருக்கு."

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.